வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ஹார்மோன் மாத்திரையை விழுங்கித்தான் ஆக வேண்டுமா?

புதுச்சேரியிலிருந்தும் கடலூர் மாவட்டத்திலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் ஒரே ஐயம் பல உருவங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. விழுங்குவதற்கென்று கொடுத்த ஹார்மோன் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கலாமா, பிறப்புறுப்பில் வைக்கலாமா, பொடித்துக் கொடுக்கலாமா என்பதுதான் அது. அந்தக் கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இப்போது ஏழு வாரம். லேசாக ரத்தக் கசிவு இருந்ததால், கரு நிற்பதற்கென 400 மி.கி. புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரையைக் காலையும் இரவும் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில், "வாயில் போட்டு விழுங்குங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். வைத்த மருந்து வெள்ளையாக வெளியே வந்துவிடுவதால் வீணாகிறது என்று மாமியார் சொல்கிறார். எதைக் கேட்பது?
– வாசகி, வில்லியனூர்

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுத்தபடியே செய்யுங்கள் அம்மா, இரண்டும் ஒன்றல்ல. விழுங்கிய புரொஜெஸ்டிரோன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி சிதைந்துபோக, பத்தில் ஒரு பங்குகூட மாறாமல் உடலின் பொது ரத்த ஓட்டத்தை எட்டுவதில்லை. அப்படிச் சிதைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்று மூளையை மந்தப்படுத்தும் தன்மை கொண்டது என்பதால்தான், இதை விழுங்கும் பலருக்குத் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வருகின்றன. பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும்போது மருந்து அங்குள்ள சவ்வில் ஊறி, முதலில் கல்லீரலில் மாட்டிக்கொள்ளாமல், பக்கத்திலேயே இருக்கும் கருப்பையைச் சென்றடைகிறது. ரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாகத் தெரிந்தாலும் கருப்பைத் திசுவில் வேண்டிய அளவு சேர்ந்திருக்கும்.

உங்களைப் போல முன்பு கரு கலைந்து, இப்போது கசிவும் உள்ளவர்களுக்கு இம்முறை பயன்படுகிறதா என்று பிரிட்டனில் 4,153 பெண்களிடம் ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிலும் மருந்தின் அளவு இதேதான், காலையும் இரவும் 400 மி.கி. மொத்தத்தில் பார்த்தபோது உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கரு கலைந்திருந்தவர்களில் குழந்தை பெற்றவர்கள், மருந்து பெறாதோரில் 57 விழுக்காடாகவும் பெற்றோரில் 72 விழுக்காடாகவும் இருந்தார்கள். ஒன்றிரண்டு முறை கலைந்தவர்களுக்குப் பயன் சிறிய அளவில்தான். எனவே இதை ஒரு நியாயமான முயற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து வைத்தும் கரு நிற்காமல் போனால், "நான் சரியாக வைக்கவில்லையோ" என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள அதில் இடமில்லை.

வெளியே வருவது மருந்தன்று. மேலுறையின் கரைந்த ஜெலட்டினும் மருந்தைச் சுமந்து வந்த எண்ணெயும்தான். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் எட்டும் ஆழத்தில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் படுத்திருங்கள்; உள்ளாடையில் ஒரு மெல்லிய பட்டை வைத்துக்கொண்டால் போதும். வெளியே வந்ததைக் கண்டு இன்னொரு மாத்திரை வைக்க வேண்டாம். கசிவு அதிகமானாலோ வயிற்றுவலி கூடினாலோ நேரம் பார்க்காமல் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு செய்தியை மட்டும் அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் புரொஜெஸ்டிரோன் உறைமாத்திரையில் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் இருக்கும். மல்லாட்டை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதென்றால் இது அற்ப விஷயமன்று. மேலும், இதே புரொஜெஸ்டிரோன் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட கெட்டி மாத்திரையாகவும் விற்கிறது. அது விழுங்குவதற்கு மட்டுமே. டைட்ரோஜெஸ்டிரோன் என்ற மருந்தும் அப்படியே. அது கல்லீரலைத் தாண்டியும் வேலை செய்யும்படி மாற்றி அமைக்கப்பட்டதால், உள்ளே வைக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. மருந்துக் கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் 24 வயதுத் திருநங்கை. எஸ்ட்ரடையால் வேலரேட் (ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்) 2 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். நாக்கின் அடியில் வைத்தால் கல்லீரல் கெடாது, பாதி மாத்திரையே போதும் என்று தோழி சொல்கிறாள். மாத்திரை கிடைக்காத நாளில் கருத்தடை மாத்திரையை நாலைந்தாகப் போட்டுக்கொள் என்கிறார் மூத்தவர் ஒருவர். பொடித்துக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களையும் எனக்குத் தெரியும். இவற்றில் எது பாதுகாப்பானது?
– வாசகி, கடலூர்

பதில்: மூன்று வழிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவதில் உண்மை இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. இரண்டாவது ஆபத்தானது. மூன்றாவது உயிரைக் கொல்லக்கூடியது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை என்பது முழுக்க மருந்தன்று. அதை உருவாக்கச் சேர்க்கும் மாவுப் பொருள், டால்க், செல்லுலோஸ் ஆகியவையே அதில் பெரும்பங்கு. இவை தண்ணீரில் கரையாதவை. கரைந்துவிட்டதுபோல் கண்ணுக்குத் தெரிந்தாலும், அந்த நுண்துகள்கள் ரத்தக் குழாயில் ஏற்றப்பட்டவுடன் நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொண்டு, அங்கே கட்டிகளாகி, மூச்சுத் திணறலையும் இதயக் கோளாறையும் உண்டாக்கும். தசையில் போட்டால் சீழ்க் கட்டி. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும். எஸ்ட்ரடையாலை ஊசியாகத் தருவதென்றால், எண்ணெயில் கரைத்து, கிருமி நீக்கி, கண்ணாடிக் குப்பியில் அடைத்த மருந்து தனியாகவே இருக்கிறது. அதை மருத்துவர் அளவு எழுதி, செவிலியர் தசையில் போட வேண்டும். மாத்திரையை ஒருபோதும் ஊசியாக்கக் கூடாது.

கருத்தடை மாத்திரைக்கு வருவோம். அதில் இருப்பது உங்கள் மாத்திரையில் உள்ள எஸ்ட்ரடையால் அன்று, எத்தினைல் எஸ்ட்ரடையால். கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாதபடி செய்யப்பட்டது அது. அதனாலேயே கல்லீரலில் நெடுநேரம் தங்கி, ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை வெகுவாக உயர்த்துகிறது. விழுங்கினாலும், தோலில் ஒட்டினாலும், பிறப்புறுப்பில் வளையமாக வைத்தாலும் இந்தக் குணம் மாறுவதில்லை. திருநங்கையர் சிகிச்சையில் முன்பு இதைப் பயன்படுத்திய நாடுகள் கால் ரத்தக் குழாய் அடைப்பும் நுரையீரல் அடைப்பும் மிகுந்ததைக் கண்டு கைவிட்டுவிட்டன. உலகத் திருநர் உடல்நலத் தொழில்முறைச் சங்கம் 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதலும் இதை வேண்டாம் என்றே சொல்கிறது. ஒன்று போட்டாலே இந்த நிலை. நாலைந்து என்பது எவ்வளவு கூடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை கிடைக்காத நாளில் மாத்திரை இல்லாமலே இருங்கள். ஓரிரு நாள் விட்டுப்போனதால் வந்த மாற்றங்கள் திரும்பிப் போய்விடாது.

இனி நாக்கடி முறை. விழுங்கிய எஸ்ட்ரடையாலில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் அதே வடிவில் ரத்தத்துக்கு வருகிறது, எஞ்சியது கல்லீரலில் எஸ்ட்ரோன் என்ற வலுக்குறைந்த பொருளாக மாறுகிறது. நாக்கின் அடியில் உள்ள மெல்லிய சவ்வு மருந்தை நேரே ரத்தத்தில் சேர்ப்பதால் இந்த இழப்பு குறையும். தோழி சொன்னதில் இதுவரை பிழையில்லை. ஆனால் அளவு கூடுவதோடு, மருந்து ஏறி இறங்கும் விதமும் மாறிவிடுகிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. விழுங்கினால் அளவு மெல்ல ஏறி நாள் முழுவதும் ஓரளவு சமமாக நிற்கும். நாக்கின் அடியில் வைத்தாலோ ஒரு மணி நேரத்துக்குள் பல மடங்கு உச்சத்துக்கு ஏறி, சில மணி நேரத்தில் சரிந்துவிடும். அதைச் சமன்படுத்த ஒரு நாள் அளவை மூன்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய ஏற்ற இறக்கம் பல ஆண்டுகள் நீடித்தால் ரத்த உறைவு குறையுமா கூடுமா என்று நீண்டகால ஆய்வுகள் எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை. கல்லீரல் கெடாது என்று உறுதி கொடுப்பவர்கள் எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? வாயில் கரைந்த மருந்தில் ஒரு பங்கு உமிழ்நீரோடு தொண்டைக்குள் இறங்கி, எப்படியும் கல்லீரலுக்குத்தான் போகிறது.

நடைமுறையிலும் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் சாப்பிடுவது மேற்பூச்சு உள்ள மாத்திரை. நாக்கின் அடியில் வைத்தால் முதலில் பூச்சு இனிப்பாகக் கரையும். பிறகு மாவுபோன்ற கசடு வாய் முழுவதும் பரவ, உமிழ்நீர் ஊறி, அடக்க முடியாமல் விழுங்கிவிடுவீர்கள். ஒருநாள் பாதி உறிஞ்சப்படும், மறுநாள் கால் பங்கு. பாதி மாத்திரை போதும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் 2017-ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல், விழுங்கும் எஸ்ட்ரடையாலுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 6 மி.கி. வரை என்றும், தோல் ஒட்டுக்கும் ஊசிக்கும் தனித்தனியாகவும் அளவு தருகிறது. அந்தப் பட்டியலில் நாக்கடி முறைக்கு இடமில்லை.

ஆகவே இளம் வயதும், புகைப் பழக்கம் இல்லாத உடலுமாக இருந்து, குடும்பத்தில் ரத்த உறைவு வரலாறும் இல்லையென்றால், எழுதிக் கொடுத்தபடி விழுங்குவதே உங்களுக்குப் போதும். ஒருவேளை ஏற்கெனவே நாக்கின் அடியில் வைத்துக்கொண்டிருந்தால், ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதையும், கடைசியாக எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்து ஒரு மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் அளவு பயமுறுத்தும்படி இருக்கும். அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுத்தால் மருந்தே சாப்பிடாதவர்போல் இருக்கும். எந்த எண்ணை நம்பி மருத்துவர் அளவை மாற்றுவார்?

கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பியியல் துறை இருக்கிறது. கடலூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அங்கே அல்லது உங்களுக்கு நம்பிக்கையான மருத்துவரிடம், கல்லீரல், கொழுப்பு, ஹார்மோன் அளவுகளைக் குறித்த கால இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஏளனமாகப் பேசுவார்கள் என்ற அச்சத்தால்தான் உங்களில் பலர் மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறீர்கள் என்பதை அறிவேன். அந்தக் குறை எங்கள் தொழிலினுடையது, உங்களுடையது அன்று. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்வதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வயது 51. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உடம்பெல்லாம் அனல் அடிப்பதால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். என் அக்காவுக்குக் காலில் ரத்தம் உறைந்தது. பிறப்புறுப்பு வறட்சியும் இருப்பதால், அந்த 2 மி.கி. மாத்திரையையே உள்ளே வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஆகுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: வேண்டாம். வறட்சிக்கென்று தனியே செய்யப்படும் பிறப்புறுப்பு மாத்திரையில் இருக்கும் எஸ்ட்ரடையால் 10 மைக்ரோகிராம். நீங்கள் வைக்க நினைப்பது அதைப்போல் 200 மடங்கு. அங்கே உறிஞ்சப்படுவதும் விழுங்குவதைவிட மிகுதி. வறட்சிக்கு எஸ்ட்ரியால் களிம்பு நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது, மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

அனலுக்கு, அக்காவின் கதையை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தோலில் தடவும் எஸ்ட்ரடையால் ஜெல் பற்றிக் கேளுங்கள். வழியை மாற்றுவதால் பாதுகாப்பு கூடும் என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் இதுதான். 2019-இல் பிரிட்டனில், ரத்த உறைவு வந்த 80,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஹார்மோன் மாத்திரை விழுங்கியவர்களுக்கு ஆபத்து 58 விழுக்காடு கூடியிருந்தது. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரொஜெஸ்டிரோனும் சேர வேண்டும். இல்லையேல் கருப்பையின் உட்படலம் தடித்துப் புற்றுநோய்க்கு வழி உண்டாகும்.

ஜெல்லைத் தோள்பட்டையிலோ கையிலோ தொடையிலோ தடவி, நன்றாக உலரவிட்டு, கையைக் கழுவிவிடுங்கள். மார்பில் தடவக் கூடாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால், தடவிய கையோடு தூக்கிக் கொஞ்சாதீர்கள். கையில் தெளிக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்து ஒன்று பாட்டி, அம்மா மேலிருந்து ஒட்டிக்கொண்டு சிறு குழந்தைகளுக்கு மார்பு வளர்ந்ததை அடுத்து, 2010-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. நம் வெயிலில் கையில்லாத ரவிக்கையோடு வீட்டில் இருப்பவர்கள் தொடையில் தடவிக்கொள்வது நல்லது.

கேள்வி: தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். ரமலான் மாதத்தில் காலையில் விழுங்க முடியாது. நாக்கின் அடியில் வைத்தால் நோன்பு முறியாது என்று உறவினர் சொல்கிறார். மருந்து வேலை செய்யுமா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து, நாக்கின் அடியில் வைப்பதற்காக அது தயாரிக்கப்படவில்லை. கரைந்தது உமிழ்நீரோடு வயிற்றுக்குத்தான் இறங்கும். ஆகையால் நோன்பைக் காக்கவும் அது உதவாது, மருந்தின் அளவும் நிச்சயமில்லாமல் போகும். மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். மருத்துவத்தில் அதற்குத் தேவையே எழவில்லை. ஸஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் உண்ணும் விடிகாலை உணவுக்கு) எழுந்தவுடன் முதல் வேலையாக வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துச் சாப்பிடுங்கள். அது இயலாதவர்கள், இரவு கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, படுக்கும் முன் விழுங்கலாம். இரவில் விழுங்குவது காலையில் விழுங்குவதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்று 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது. தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து சாப்பிடும் வழக்கம் உள்ள வீடுகளில் மூன்று மணி நேரம் கிடைப்பது அரிது என்பதால், பெரும்பாலோருக்கு ஸஹரே வசதி. நோன்புக் கஞ்சியோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இம்மருந்தின் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஒரு வாரம் ஆகும். ஒருநாள் தவறினால் பதற வேண்டாம். மாதம் முழுக்க விடுவதுதான் கூடாது. கர்ப்பிணிகள் ஒருநாள்கூட விடக் கூடாது.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, சில நாள் வாந்தியும் வருகிறது. அதை உள்ளே வைத்துக்கொள்ளலாமா? காசநோய்க்கும் இரண்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறேன்.
– வாசகி, பாகூர்

பதில்: கடைசியில் எழுதியிருக்கும் வாக்கியம்தான் முக்கியமானது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அதே மருந்து, கல்லீரலை முடுக்கிவிட்டு மாலா-என் மாத்திரையில் உள்ள ஹார்மோன்களை விரைவாகச் சிதைத்துவிடுகிறது. எந்த வழியில் எடுத்தாலும் அந்த மாத்திரையை இப்போது நம்ப முடியாது. காப்பர்-டி பொருத்திக்கொள்ளுங்கள், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியைக் கேளுங்கள். அவ்வூசியின் பலனை ரிஃபாம்பிசின் குறைப்பதில்லை. அதுவரையில் ஆணுறை தவறாமல் வேண்டும். காசநோய் மருந்து முடிந்து நான்கு வாரம் ஆன பிறகே மாலா-என் மாத்திரைக்குத் திரும்பலாம். குமட்டலும் காசநோய் மருந்தால் வந்ததாக இருக்கலாம். கண் மஞ்சளாகத் தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

காசநோய் மருந்து சாப்பிடாத மற்ற வாசகியருக்கு: மாத்திரை விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று விழுங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொண்டால் குமட்டல் பெரும்பாலும் அடங்கும். உள்ளே வைக்கும் முறைக்கென அம்மாத்திரை தயாரிக்கப்படவில்லை.

கேள்வி: எங்கள் இரண்டு மாதப் பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரையையே பொடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பொடித்தால் வீரியம் போய்விடாதா?
– தந்தை, குறிஞ்சிப்பாடி

பதில்: போகாது. குழந்தைக்குரிய சரியான முறையே அதுதான். இம்மாத்திரைக்குச் சிறப்பு மேற்பூச்சு எதுவும் இல்லை. எடைக்கேற்ற அளவை மருத்துவர் கணக்கிட்டிருப்பார். இரண்டு சுத்தமான கரண்டிகளுக்கு இடையில் மாத்திரையை நசுக்கி, சில சொட்டுத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, பாலாடையில் ஊற்றிக் கன்னத்தின் உள்பக்கமாகக் கொடுங்கள். பாலாடையின் அடியில் வெண்மையாகப் படிந்திருப்பதும் மருந்துதான். இன்னும் சில சொட்டு ஊற்றி அலசி அதையும் கொடுத்துவிட வேண்டும். புட்டிப் பால் முழுவதிலும் கலக்காதீர்கள். குழந்தை பாதியில் தூங்கிவிட்டால் பாதி மருந்து போயிற்று. முதல் நாளே கரைத்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சோயாப் பால், இரும்புச் சத்துச் சொட்டு மருந்து ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது.

மருந்தைத் தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கொடுத்தவுடனேயே முழுவதையும் கக்கிவிட்டால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை நன்றாகச் சிரித்து விளையாடுகிறாள் என்பதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்று ஆண்டுகளில் மூளை வளர இந்த ஹார்மோன் இன்றியமையாதது. மூன்று வயதுக்குப் பிறகு, தேவையென்று கருதினால் மருத்துவரே சில வாரங்கள் நிறுத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, வாழ்நாள் முழுவதும் வேண்டுமா என்று சொல்வார்.